அண்ணனின் உப்புக் கணக்கு

என் அண்ணனிடம் எண்பது பக்க நோட்டு ஒன்று இருந்தது. அவர் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் டர்னராக வேலை பார்த்தவர். லேத்தில் ஒரு நூல் பிசகினால் ஜாப் ரிஜெக்ட் ஆகிவிடும் என்கிற பயத்திலேயே முப்பத்தைந்து வருஷம் ஓட்டியவருக்கு, ரிட்டயர் ஆன பிறகும் எதையாவது அளந்து எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய தேதி எல்லாம் சுவர்க் காலண்டரில் இருக்கும். இந்த நோட்டு மட்டும் தனி. பிரவுன் அட்டை போட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. உள்ளே இரண்டே பத்திகள். ஒன்று தேதி. இன்னொன்று 'உப்பு'.

நம் ஊரில் கிரியாட்டினினுக்கு அதுதான் பெயர். 'அவருக்கு உப்பு ஏறிடுச்சாம்' என்றால் சமையல் உப்பைச் சொல்லவில்லை. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்திலேயே தங்கிவிட்டது என்று அர்த்தம். யூரியாவையும் உப்பு என்பார்கள். போதாததற்கு டாக்டர் வேறு 'உப்பைக் குறைங்க' என்பார். எது எந்த உப்பு என்று பாதிப் பேருக்குக் குழம்பிவிடும். அண்ணனுக்குக் குழப்பமே கிடையாது. பாயின்ட்டுக்குப் பின்னால் வரும் ஒற்றை எண் வரைக்கும் கணக்கு வைத்திருந்தார்.

2012-ல் 1.6. 2014-ல் 1.9. 2016-ல் 2.3. 2018 ஜனவரியில் 2.6.

இருபது வருஷத்துச் சர்க்கரையும், அதற்குத் துணையாக வந்த பி.பி.யும் செய்த வேலை. ஒவ்வொரு முறை ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் எனக்கு போன் வரும். நான் சென்னையில் இருந்தேன். "டேய், பாயின்ட் ஒண்ணு ஏறியிருக்குடா" என்பார். சில மாதம் "அப்படியே நிக்குது" என்பார். அன்றைக்கு வீட்டில் கேசரி. அவருக்கு அரைக் கரண்டி.

அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம்தான் இருந்தது. டயாலிசிஸ். எதிர் வீட்டுக்காரர் ஒருவர் வாரம் மூன்று நாள் போய்விட்டு, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அண்ணன் வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "அது மட்டும் வேண்டாம்டா சாமி" என்பார். அதைத் தள்ளிப்போடுவதற்காக அண்ணி செய்த சமையலைத் தனிப் புத்தகமாகவே போடலாம். உருளைக்கிழங்கை நறுக்கி, தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்து அதையும் வடித்து, கடைசியில் கிழங்கு என்கிற பெயர் மட்டும் மிஞ்சும். இளநீர் கிடையாது. வாழைப்பழம் கிடையாது. ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. தண்ணீருக்கு அளவு பாட்டில்.

இவ்வளவு காவலும் முன் வாசலுக்கு. பின் வாசலை யாரும் பார்க்கவில்லை.

2018 நவம்பரில் ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்கு அண்ணியிடமிருந்து போன்.

"தம்பி, உங்க அண்ணனுக்கு மூச்சு வாங்குது. எழுந்து உக்காந்துட்டார். வேர்த்துக் கொட்டுது."

"நெஞ்சு வலிக்குதா?"

"அதெல்லாம் இல்லேங்கறார். வயித்துல என்னமோ பொரட்டுதாம். ஓமத் தண்ணி குடுத்தேன்."

"நேத்து கல்யாணத்துல தண்ணி நிறையக் குடிச்சாரா?"

"பாயசம் ரெண்டு வாங்கிக்கிட்டார். மோர் குடிச்சார். நான் சொன்னாக் கேட்டாத்தானே?"

நான்தான் குடும்பத்தில் நாலு எழுத்துப் படித்தவன். கம்ப்யூட்டரில் கிட்னி பற்றி இரண்டு வருஷமாகப் படித்துத் தள்ளியிருந்தேன். தண்ணீர் அதிகமானால் மூச்சு வாங்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே தெளிவாகச் சொன்னேன். "உப்பு ஏறியிருக்கும் அண்ணி. பயப்படாதீங்க. லேப் திறந்ததும் முதல்ல ரத்தம் குடுத்துடுங்க. ரிப்போர்ட் வந்ததும் டாக்டர்கிட்ட போலாம்."

ஆறரை மணிக்கு லேப் திறந்தது. அண்ணன் தானே நடந்து போய் உட்கார்ந்து கையை நீட்டியிருக்கிறார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினார். சுப்பிரமணியபுரம் தாண்டுவதற்குள் மகன் தோளில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்ததில் கோடுதான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு டூட்டி டாக்டர் 'மாரடைப்பு' என்றார். விடிகாலையிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். வயது 65.

சாயங்காலம் லேப் பையன் ரிப்போர்ட்டை வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். பந்தலைப் பார்த்துத் தயங்கி நின்றானாம். கிரியாட்டினின் 2.7.

பத்து மாதத்தில் பாயின்ட் ஒன்றுதான் ஏறியிருந்தது. அண்ணன் பாஷையில், அப்படியே நிக்குது.

இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. நடுவில் கொஞ்சம் படித்தேன், இந்த முறை சரியான இடங்களில். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. நாங்கள் பயந்தது தப்பில்லை. ஆனால் தப்பான எதிரிக்குப் பயந்திருக்கிறோம்.

அண்ணனின் 2.7-ஐ வயதோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சுமார் 25 வரும். 90-க்கு மேல் இருந்தால் நல்லது. 60-க்குக் கீழே மூன்று மாதம் தொடர்ந்து இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். 15-க்கும் 29-க்கும் நடுவே இருந்தால் நான்காம் கட்டம். அதையும் தாண்டினால்தான் டயாலிசிஸ் பேச்சு. 2004-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. சிறுநீரகத் திறன் குறைந்த சுமார் 28,000 பேரை ஐந்து வருஷம் வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். அண்ணன் இருந்த நான்காம் கட்டத்தில், நூற்றுக்கு 20 பேர் டயாலிசிஸுக்கோ மாற்றுச் சிறுநீரகத்துக்கோ போனார்கள். இறந்துபோனவர்கள் 46 பேர். அதற்கு முந்தைய மூன்றாம் கட்டத்தில் வித்தியாசம் இன்னும் மோசம். டயாலிசிஸ் பக்கம் போனவர்கள் 1.3 சதவிகிதம், இறந்தவர்கள் 24.3 சதவிகிதம். எல்லோரும் இதயத்தால் இறந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இறந்தவர்களிடம் இதய நோய் அதிகம் இருந்தது.

அதாவது, பெரும்பாலானவர்கள் டயாலிசிஸ் வாசல் வரைக்கும் போவதே இல்லை. வழியிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

அதே 2004-ல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் 11 லட்சம் பேரின் ரத்தப் பரிசோதனைகளை வைத்து இன்னொரு கணக்குப் போட்டார்கள். சிறுநீரகத் திறன் 60-க்குக் கீழே இறங்கும்போதே மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து ஏற ஆரம்பித்துவிடுகிறது. நான்காம் கட்டத்தில் அது ஏறத்தாழ மூன்று மடங்கு. சர்க்கரை, பி.பி., வயது எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த மூன்று மடங்கு நிற்கிறது. அப்படியானால் சிறுநீரகக் கோளாறே தன் பங்குக்கு ரத்தக் குழாயை ஏதோ செய்கிறது.

என்ன செய்கிறது?

மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் போர் தண்ணீர்க் குழாயைக் கழற்றிப் பார்த்திருப்பீர்கள். உள்ளே வெள்ளையாக, கல் மாதிரி படிந்து, ஓட்டை சின்னதாகியிருக்கும். பாதி நோய் அப்படிப்பட்டது. கொழுப்பு உள் சுவரில் படிந்து குழாய் குறுகுவது. இது எல்லோருக்கும் வருவதுதான். சிறுநீரக நோயாளிக்குச் சீக்கிரம் வருகிறது. மிச்சப் பாதி அதைவிட விநோதம். குழாயின் உள்ளே படிவதற்குப் பதிலாக, குழாயின் சுவரே கல்லாகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்குகிறது. சுண்ணாம்புச் சத்தின் கணக்கு கெடுகிறது. ரத்தக் குழாயின் நடு அடுக்கில் சுருங்கி விரிவதற்கென்றே இருக்கும் தசை செல்கள், இந்தச் சூழலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் தொழிலை மறந்து எலும்பு செல்கள் மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கின்றன. சுண்ணாம்பு பூசுகின்றன. ரப்பர் ட்யூபாக இருக்க வேண்டியது ஜி.ஐ. பைப் ஆகிவிடுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுக்காத பைப்புக்குள் ரத்தத்தைத் தள்ள இதயம் முக்க வேண்டியிருக்கிறது. முக்கி முக்கி இடது அறையின் சுவர் தடிக்கிறது. ஜிம்முக்குப் போன பையன் தோள் மாதிரி. ஆனால் இந்தத் தடிப்பு நல்லதில்லை.

வயதானவர்களுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். 2000-ல் லாஸ் ஏஞ்சலஸில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த இளைஞர்களின் இதயக் குழாய்களை ஸ்கேன் எடுத்தார்கள். 20-லிருந்து 30 வயது வரையிலான 16 பேரில் 14 பேருக்குச் சுண்ணாம்பு படிந்திருந்தது. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வயதில் தாத்தாவின் ரத்தக் குழாய்.

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்று ஒரு டாக்டர் இருந்தார். உடம்பு வீங்கி வந்தவர்களின் சிறுநீரை ஒரு ஸ்பூனில் எடுத்து மெழுகுவத்தியில் காட்டுவார். முட்டை வெள்ளைக்கரு மாதிரி கட்டினால் அதில் புரதம் இருக்கிறது, சிறுநீரகம் பழுது. 1827-ல் அதை வெளியிட்டார். 1836-ல் இப்படிப்பட்ட நோயாளிகள் 100 பேரின் பட்டியலைப் போட்டபோது, அவர்களில் பலருக்கு இதயம் பெருத்திருந்ததையும் எழுதிவைத்தார். அவரிடம் பி.பி. பார்க்கும் கருவிகூட இல்லை. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் முறையை இத்தாலியில் ரீவா ரோச்சி கொண்டுவந்ததே 1896-ல்தான். ஒரு ஸ்பூனும் மெழுகுவத்தியும் வைத்துக்கொண்டு பிரைட் பார்த்ததை, கையில் செல்போன் வைத்திருந்த நான் 2018-ல் பார்க்கவில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளைட் ஷீல்ட்ஸ். உலகத்திலேயே நீண்டகால டயாலிசிஸால் பிழைத்த முதல் மனிதர் இவர். அமெரிக்காவில் சியாட்டிலில் இருந்தார். தொழில், போயிங் விமானக் கம்பெனியில் மெஷினிஸ்ட். படித்தபோது எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது. இவரும் லேத் ஆசாமி. அதற்கு முன்பெல்லாம் டயாலிசிஸ் என்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ரத்தக் குழாயைக் கிழிக்க வேண்டும். நாலைந்து தடவைக்கு மேல் குத்த இடம் இருக்காது. பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்கிற டாக்டர், கையிலேயே நிரந்தரமாகப் பொருத்தி வைக்கிற மாதிரி டெஃப்லான் குழாய் ஒன்றை யோசித்தார். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லான். 1960 மார்ச்சில் சாவின் விளிம்பில் இருந்த 39 வயது ஷீல்ட்ஸுக்கு அதைப் பொருத்தினார். மனிதர் எழுந்து நடமாடி, இன்னும் பதினொரு வருஷம் வாழ்ந்தார். சிறுநீரகம் இல்லாமலே வாழலாம் என்று உலகத்துக்குக் காட்டினார்.

1971-ல் இறந்துபோனார். மாரடைப்பு.

மூன்று வருஷம் கழித்து, 1974-ல் ஸ்க்ரிப்னரும் சகாக்களும் தங்கள் நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தக் குழாய் நோய் வேகமெடுத்து வருகிறது என்பதுதான் விஷயம். முன் வாசலைப் பூட்டிவிட்டு, பின் வாசல் திறந்திருப்பதை முதலில் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

சரி, இப்போது என் பங்குக்கு வருகிறேன். லேபுக்குப் போகச் சொன்னது ஒன்று. அதற்கு முன்னால் இன்னொன்றும் இருக்கிறது.

2016-ல் அண்ணனின் டாக்டர் அவருக்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்தார். ஸ்டாட்டின் வகை. அண்ணன் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு எனக்கு போன் பண்ணினார். "டேய், கொலஸ்ட்ரால் 172தான் இருக்கு. நார்மல்னு பிரின்ட்லயே போட்டிருக்கு. எதுக்குடா மாத்திரை? ஏற்கெனவே ஒம்போது முழுங்கறேன். எல்லாத்தையும் இந்தக் கிட்னிதானே வெளியே தள்ளணும்?"

நான் சொன்னேன், "வாஸ்தவம்தான் அண்ணே. தேவையில்லாம எதுக்கு லோடு ஏத்தணும்? நிறுத்திடுங்க."

டாக்டரிடம் கேளுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை.

மாத்திரையெல்லாம் கிட்னிக்குக் கெடுதல் என்பது நம் வீடுகளில் வேதவாக்கு. அதில் பாதி உண்மை. கை கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் நிஜமாகவே சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் அந்தப் பயத்தில் நாம் நிறுத்துவது வலி மாத்திரையை இல்லை. பி.பி. மாத்திரையையும் ஸ்டாட்டினையும்தான். வலி மாத்திரையை நிறுத்தினால் உடனே வலிக்கும். ஸ்டாட்டினை நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. அதனால் அது முதலில் போகிறது.

172 நார்மல்தானே என்ற கேள்விக்குப் பதிலை நான் பிறகுதான் படித்தேன். சிறுநீரக நோய்க்கான சர்வதேச வழிகாட்டுக் குழு 2013-லேயே சொல்லியிருந்தது. 50 வயதைத் தாண்டிய சிறுநீரக நோயாளிக்கு, டயாலிசிஸ் கட்டத்துக்குப் போகாதவரைக்கும், கொலஸ்ட்ரால் எண் எதுவாக இருந்தாலும் ஸ்டாட்டின் கொடு. எண்ணைத் துரத்தாதே. ஆபத்து அந்த எண்ணில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. லேப் தாளில் 'நார்மல்' என்று அச்சடித்திருப்பது சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஆளுக்கு.

அப்புறம் இரவில் தூக்கம் வராத சமயங்களில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பேன். அண்ணன் அந்த மாத்திரையைச் சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? 2011-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 9,000-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள். பாதிப் பேருக்கு ஸ்டாட்டினும் கூட ஒரு மருந்தும். மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. ஐந்து வருஷ முடிவில் மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை மாதிரியான பெரிய அசம்பாவிதங்கள் மாவு மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 13.4 பேருக்கு வந்தன. மருந்து சாப்பிட்டவர்களில் 11.3 பேருக்கு. வித்தியாசம், நூற்றுக்கு இரண்டு பேர்.

நூறு அண்ணன்களுக்குக் கொடுத்தால் ஐந்து வருஷத்தில் இரண்டு அண்ணன்கள் தப்பிப்பார்கள். என் அண்ணன் அந்த இரண்டில் ஒருவராக இருந்திருப்பார் என்று நினைத்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. மற்ற தொண்ணூற்றெட்டில் ஒருவர் என்று நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வரும். புள்ளிவிவரத்தில் இது ஒரு வசதி. ஆனால் நாலரை மணி போனுக்கு இந்த வசதி கிடையாது. அன்று லேபுக்குப் பதிலாக நேரே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த ஆய்வும் சொல்லாது. இரண்டு மணி நேரம் கையில் இருந்தது.

சர்க்கரைக்காரர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் மாரடைப்பு பல நேரம் சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மூச்சு வாங்கும். வேர்க்கும். வயிற்றைப் புரட்டும். அண்ணனுக்கு மூன்றும் இருந்தன. எல்லாமே என்னிடம் போனில் சொல்லப்பட்டன.

2022-ல் என் முறை வந்தது. எனக்கும் பத்து வருஷமாகச் சர்க்கரை. அண்ணன் போன பிறகு கிரியாட்டினினைத் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். 1.0, 1.1 என்று ஒழுங்காக இருந்தது. அந்த வருஷம் டாக்டர் சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொன்னார். 30-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 140.

"கிட்னி போயிடுச்சா டாக்டர்?" என்றேன். குரல் அண்ணன் குரல் மாதிரியே வந்தது எனக்கே கேட்டது.

"கிட்னி நல்லாத்தான் சார் இருக்கு. இதை நீங்க கிட்னி ரிப்போர்ட்டாப் பார்க்காதீங்க. ரத்தக் குழாய் ரிப்போர்ட்டாப் பாருங்க" என்றார் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு.

பேப்பரில் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் சல்லடைகள். ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் சுருணை. ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டி, ஒன்றரை லிட்டர் போக மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறது. அந்தச் சுருணையின் உள்பூச்சு கெட்டால் ஆல்புமின் கசியும். அதே உள்பூச்சுதான் இதயக் குழாயிலும் மூளைக் குழாயிலும் இருக்கிறது. அங்கே கசிந்தால் நமக்குத் தெரியாது. இங்கே கசிந்தால் ஒரு சின்ன டப்பாவில் பிடித்துவிடலாம்.

"கழுத்துல ஸ்கேன் எடுத்து ரத்தக் குழாய் தடிச்சிருக்கான்னு பார்க்கலாமாமே?" என்றேன். படித்ததைக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

"பார்க்கலாம். கொஞ்சம் தடிச்சுத்தான் இருக்கும். பார்த்தாலும் பார்க்கலேன்னாலும் நான் எழுதப்போற மாத்திரை இதேதான். அந்தக் காசுக்கு நல்ல பி.பி. மெஷின் வாங்கி வெச்சுக்குங்க."

"ஆஞ்சியோ?"

"மூச்சு வாங்குதா? நடந்தா நெஞ்சு இறுக்குதா? இல்லையே. அப்புறம் எதுக்கு?"

சிறுநீரகம் ரொம்பத் தளர்ந்தவர்களுக்கு ஆஞ்சியோவில் ஊற்றும் சாயமே ஒரு சங்கடம். அதற்குப் பயந்து நிஜமாகத் தேவைப்படுகிறவர்களுக்கும் செய்யாமல் விடுவது இன்னொரு சங்கடம். மாரடைப்பு வந்துவிட்டால் யோசிக்க நேரமில்லை. ஆனால் அவசரமில்லாத அடைப்பு என்றால்? 2020-ல் 777 பேரை வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் சிறுநீரக நோய் முற்றியவர்கள். ஆரம்பத்திலேயே ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று போனவர்களுக்கும், மாத்திரையோடு கவனித்துக்கொண்டவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ வித்தியாசம் தெரியவில்லை. ரத்தத்தில் ட்ரோபோனின் பார்த்து மாரடைப்பைக் கண்டுபிடிப்பதிலும் இவர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பலருக்கு அது எப்போதுமே கொஞ்சம் ஏறித்தான் இருக்கும். ஒரே எண்ணை வைத்துச் சொல்ல முடியாது, சில மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எல்லா அளவுகோலும் இவர்களுக்கு ஒரு நூல் தள்ளித்தான் நிற்கிறது. அண்ணன் இருந்திருந்தால் 'காலிபரேஷன் போச்சுடா' என்றிருப்பார்.

டாக்டர் எழுதிய மாத்திரைகளில் ஒன்று பி.பி.க்கு, ஒன்று ஸ்டாட்டின். மூன்றாவது டபாக்ளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுவதற்காக வந்த மருந்து. இதன் மூதாதை, ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835-ல் பிரித்தெடுத்த ஒரு கசப்புப் பொருள். கிட்டத்தட்ட பிரைட் காலத்துச் சமாச்சாரம். 2020-ல் 4,304 சிறுநீரக நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், சர்க்கரை இல்லாதவர்களுக்குக்கூட இது சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்தியது, இதயம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் சேர்வதையும் குறைத்தது. அதே வருஷம் அக்டோபரில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து, நம் கம்பெனிகள் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்து, விலை சரிந்தது. அண்ணனுக்கு இரண்டு வருஷம் பிந்திவிட்டது.

முன் வாசலுக்கும் பின் வாசலுக்கும் ஒரே தாழ்ப்பாள் என்பது மாதிரி, இந்த வைத்தியத்தில் பெரும்பாலானவை இரண்டுக்கும் பொது. பெரிய செலவும் கிடையாது. சென்னையில் டாக்டர் எம்.கே.மணியும் அவருடைய கிட்னி ஹெல்ப் ட்ரஸ்ட்டும் நகரத்துக்கு வெளியே சுமார் 25,000 பேர் இருந்த கிராமங்களில் இதைச் செய்து காட்டினார்கள். பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். சிறுநீரில் நாலு சொட்டு அமிலம் விட்டுக் கலங்குகிறதா என்று பார்ப்பது, பி.பி. பார்ப்பது, இருப்பதிலேயே மலிவான மாத்திரைகளைக் கொடுப்பது. 2003-ல் இதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்தபோது, பிரைட்டின் ஸ்பூன் எங்கே போயிற்று என்று தெரிந்தது.

போன தை மாதம் திருச்சி போயிருந்தேன். அண்ணிக்கு இப்போது 67. தனியாகத்தான் இருக்கிறார். மகன் ஹோசூரில். சாப்பிட உட்கார்ந்தபோது பொரியலில் உப்பே இல்லை. மறந்துவிட்டாரா என்று பார்த்தேன். பழக்கம். ஏழு வருஷமாகியும் அந்த வீட்டு அடுப்பு இன்னும் அண்ணனுக்குத்தான் சமைக்கிறது.

கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக இருந்ததைக் கேட்டேன். "அண்ணி, அன்னிக்கு நான் லேபுக்குப் போகச் சொல்லியிருக்கக் கூடாது."

அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "நீங்க சொல்லலேன்னாலும் அவர் அங்கதான் போயிருப்பார் தம்பி. நான் ஆஸ்பத்திரின்னேன். 'நம்பரைப் பார்க்காம என்னத்தைப் போறது'ன்னார்."

இது நிஜமா, எனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

கிளம்பும்போது பீரோவைத் திறந்து அந்த நோட்டை எடுத்துவந்தார். பிரவுன் அட்டை ஓரத்தில் கிழிந்திருந்தது. புரட்டினேன். அண்ணனின் கையெழுத்து, ஒர்க்ஷாப் ஜாப் கார்டில் எழுதுகிற மாதிரி நிமிர்ந்த எண்கள். கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்து. தேதி போட்டு, 2.7.

அன்று சாயங்காலம் பந்தலுக்குக் கீழே கூட்டம் உட்கார்ந்திருந்தபோது, லேப் பையன் கொடுத்த ரிப்போர்ட்டை உள்ளே கொண்டுபோய் அண்ணி எழுதியிருக்கிறார்.

"பாதி நோட்டு காலியாத்தான் இருக்கு. நீங்க எழுதிக்குங்க" என்றார்.

பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து ஸ்கேலும் பேனாவும் எடுத்து, அடுத்த பக்கத்தில் இன்னும் மூன்று கோடு இழுத்தேன். தேதி, உப்பு, ஆல்புமின், பி.பி., மாத்திரை போட்டாச்சா. இன்று காலை பி.பி. 134-க்கு 82. மாத்திரை போட்டாச்சு.